வாயைத் திறக்க ஒரு பயம்!



இந்த மலரில் ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் ஒரு குரூப் போட்டோ போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். போட்டோகிராஃபர் "ஸ்மைல் ப்ளீஸ்" என்று சொன்ன அந்த நொடியில் நாம் என்ன செய்தோம்? உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கன்னத்தால் சிரித்தோம்! எங்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு போட்டோவை நான் எண்ணியே பார்த்துவிட்டேன். பல் தெரியச் சிரித்தவர்கள் இரண்டு கை விரலுக்குள் அடங்கிவிட்டார்கள். அதிலும் பாதிப் பேர் வெளி மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள்.

நம்ம மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பல்லில் கறை. சிலருக்கு வெள்ளைத் திட்டு, சிலருக்கு மஞ்சள், சிலருக்குக் காப்பிப்பொடி நிறம். வாயை மூடிச் சிரிப்பது நமக்குச் சின்ன வயசிலிருந்தே கை வந்த கலை. சரி, போட்டோகிராஃபர் முன்னால் திறக்காத வாயைப் பல் டாக்டர் முன்னால் மட்டும் எப்படித் திறப்போம்? நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

பல் வைத்தியத்துக்குப் பயப்படுவதை நம் சமுதாயம் ஒரு வியாதியாகக்கூட மதிப்பதில்லை, வேடிக்கையாகத்தான் பார்க்கிறது. சினிமாவில் பல் டாக்டர் வந்தாலே காமெடி சீன்தான். ஒருவன் பாம்பைக் கண்டு பயந்தால் "பாவம்" என்கிறார்கள். குறடைக் கண்டு பயந்தால், "மீசை முளைச்ச பையன் பயப்படறான் பாரு!" என்று கைகொட்டிச் சிரிக்கிறார்கள். நான் பயப்படுகிறவன். பேர் போட்டே எழுதுகிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. லேத்தில் தெறிக்கிற சூடான இரும்புச் சுருள் கையில் பட்டாலும் கவலைப்பட மாட்டேன். எங்கள் ஊர்க் கிணற்றில் மேட்டார் ரூம் கூரை மேலே ஏறிக் குதிப்பேன். ஆனால் பல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிராம்பு எண்ணெய் வாசனை வருமே, அது மூக்கில் ஏறினால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும், நாக்கு வறண்டுவிடும்.

இந்தப் பயத்தை அளப்பதற்கே ஒரு அளவுகோல் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் நார்மன் கோரா என்ற ஆராய்ச்சியாளர் 1969-ல் நாலே நாலு கேள்வி எழுதினார். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது? நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மிஷினை எடுக்கும்போது? பல்லைச் சுத்தம் செய்யக் கருவியை எடுக்கும்போது? அவ்வளவுதான். 1995-ல் ஹம்ஃப்ரிஸ் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஈறில் போடும் ஊசியைப் பற்றி ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். மொத்தம் 25. அதில் 19-ம் அதற்கு மேலும் வாங்கினால் கடுமையான பயம் என்று கணக்கு. எனக்கு 21 வந்தது. இன்டர்னல் மார்க்கில் இந்த அளவுக்கு நான் வாங்கியதே இல்லை!

விளையாட்டு இருக்கட்டும். அந்த ஐந்து கேள்வியையும் இரண்டு மூன்று தரம் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. எல்லாமே வலியைப் பற்றிய கேள்விகள். மிஷின், ஊசி, காத்திருப்பது. நம்ம பாலக்கோடு பக்கத்துப் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஆறாவதாக ஒரு கேள்வி வேண்டும். "உன் பல்லை இன்னொருத்தர் வெளிச்சம் போட்டுப் பார்க்கும்போது உனக்கு எப்படி இருக்கும்?"

என் கட்சி இதுதான். வலிக்குப் பயப்படுவது உலகம் பூராவும் இருக்கிறது. நமக்கு அதோடு வெட்கமும் சேர்ந்திருக்கிறது. நம்ம பக்கத்தில் அந்த வெட்கம்தான் பெரிய பூட்டு.

நான் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு மருத்துவ முகாம் வந்தது. மரத்தடியில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒவ்வொருத்தனாக "ஆ" காட்ட வேண்டும். என் முறை வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவர், வரிசைக் கடைசி வரை கேட்கிற மாதிரி, "ஏன்டா, பல்லே விளக்க மாட்டியா?" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது. சிரித்தவன் வாயிலும் அதே கறைதான், அது வேறு கதை! அடுத்து நின்றவன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். அவனுக்குப் பின்னால் இருந்த நாலைந்து பேர் பாத்ரூம் போகிறோம் என்று போனவர்கள் திரும்பவில்லை. அத்தனை பேர் பல்லும் பார்க்கப்படாமலே முகாம் முடிந்தது. ஒரே ஒரு வார்த்தைதான்... அது எத்தனை வாயை மூடிவிட்டது பாருங்கள்.

அந்த வார்த்தை நியாயமும் இல்லை. ஏனென்றால் இந்தக் கறை அழுக்கு அல்ல. தேய்த்தால் போகாது. பல்லுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருப்பது அழுக்கு. இதுவோ பல் உருவாகும்போதே எனாமலுக்குள்ளே கலந்துவிட்டது. ஈறுக்குள்ளே பல் வளர்ந்துகொண்டிருக்கும் வயசில் குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாமல் போய்விடுகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் ஃப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம்ம பக்கம் பூமிக்கடியில் இருக்கிற பாறையிலேயே ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. மழை பொய்த்து, கிணறு வற்றி, போரை ஆழமாக இறக்க இறக்க, அந்தப் பாறையில் ஊறிய தண்ணீரைத்தான் நம் அப்பா அம்மாவும் குடித்தார்கள், நாமும் குடித்தோம்.

இது உலகத்துக்குத் தெரிய வந்ததே ஒரு துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-ல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர் பிராக்டிஸ் செய்யப் போனார். ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் பல் காவி நிறம். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மெக்கே அந்த மாதிரிக் காரணங்களோடு திருப்திப்படாமல் வருஷக்கணக்காக அலைந்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டார், ஆனால் என்ன என்று பிடிபடவில்லை. கடைசியில் 1931-ல், ஒரு அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளரான சர்ச்சில் என்பவர்தான் அது ஃப்ளோரைடு என்று கண்டுபிடித்துச் சொன்னார். முப்பது வருஷம்! நம் நாட்டில், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில், 1937-ல் இதே வியாதி பதிவு செய்யப்பட்டது. அதாவது நம்ம கறைக்குக் காரணம் என்ன என்பது, நம் தாத்தா காலத்திலேயே புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆனாலும் ஏழாங்கிளாஸ் பையனிடம் "பல் விளக்க மாட்டியா" என்று கேட்கிறார்கள்.

எங்கள் பெரியப்பா மகள், அக்கா, கல்யாணப் பேச்சு ஆரம்பித்த வருஷம் செங்கல்லை இடித்துச் சலித்து அந்தத் தூளால் பல் தேய்த்தாள். அப்புறம் சாம்பல். அப்புறம் உப்பு. ஈறில் ரத்தம் வந்தது, கறை வெளுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா, "கொஞ்சம் சிரிம்மா" என்றாராம். மாடு வாங்குகிறவன்தான் வாயைப் பிளந்து பார்ப்பான் என்று எங்கள் ஆயா அந்த அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது. சம்பந்தம் நின்றுபோனது. இதில் யார் மேல் தப்பு என்பதை நீங்களே சொல்லுங்கள். அந்த அக்காவுக்கு இன்று இரண்டு கடைவாய்ப் பல் சொத்தை. டாக்டரிடம் வா என்றால், "இந்தப் பல்லைப் போயி யார்கிட்ட காட்டுறது?" என்கிறாள். வலியைப் பற்றி அவள் பேசவே இல்லை, கவனியுங்கள்.

ஒகேனக்கல் தண்ணீர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்பு தணிப்புத் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவான திட்டம். 2013-ல் திறந்தார்கள். நான் 2007-ல் பிறந்தவன். முன்பல்லின் எனாமல் கறை பிடிப்பதற்கு முக்கியமான வயசு ஒன்றேகாலிலிருந்து இரண்டரை வரை என்று படித்திருக்கிறேன். அதாவது என் முன்பல் இரண்டும் 2009-ஆம் வருஷத்துப் போர் தண்ணீருக்கு ரசீது மாதிரி. என் தம்பி 2014-ல் பிறந்தவன். எங்கள் தெருவில் அவன் பிறப்பதற்கு முன்னாலேயே காவேரித் தண்ணீர் வந்துவிட்டது. அவன் சிரித்தால் வெள்ளையாக இருக்கிறது! ஒரே வீடு, ஒரே பல்பொடி. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரித்தால், எந்தப் பிரசங்கமும் தேவையில்லை. தண்ணீர் வராத நாளில் பழைய போரையே மறுபடி திறந்துவிடும் தெருக்கள் இருக்கின்றன, அங்கே கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர்களாவது சண்டை போட்டு நல்ல தண்ணீர் வாங்க வேண்டும். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இனி வலிக்கு வருவோம். அதுவும் பொய்யான பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கப்பா பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சந்தையில், பெட்டிமேல் பல்லைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்த ஒருத்தரிடம் பல் பிடுங்கியிருக்கிறார். ஊசி கிடையாது. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் குறடு போட்டு... பாதிப் பல் உடைந்து உள்ளேயே நின்றுவிட்டதாம். அந்தக் கதையை அவர் எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. பேய்க் கதை சொல்கிற மாதிரி, விளக்கை அணைத்த பிறகு சொல்லுவார். அன்றிலிருந்து அவர் எந்தப் பல் வலிக்கும் டாக்டரிடம் போனதில்லை. புகையிலையைக் கிள்ளி அடக்கிக்கொள்வார். இப்படித்தான் இந்தப் பயம் சொத்து மாதிரி அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே எனக்கு வலித்துவிட்டது!

இதில் ஒரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. பல் மரத்துப் போவதற்குப் போடும் ஊசி மருந்து, சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் சரியாக வேலை செய்யாது. அழற்சி உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும், அதனால் மருந்து நரம்புக்குள் போய்ச் சேருவது குறைந்துவிடும். கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்குப் புரியும். இப்போது இதைச் சுற்றிப் பாருங்கள். பயந்தவன் நாள் கடத்துகிறான். நாள் கடத்தினால் சொத்தை வேர் வரை இறங்கிச் சீழ் வைக்கிறது. கன்னம் வீங்கி, தூக்கம் போன பிறகுதான் ஓடுகிறான். ஊசி பாதிதான் பிடிக்கிறது, வலிக்கிறது. "நான்தான் அப்பவே சொன்னேனே, உயிர் போற வலி!" என்று ஊருக்குள் வந்து சொல்கிறான். அதைக் கேட்ட பத்துப் பேர் நாள் கடத்துகிறார்கள். அவன் சொன்னது நிஜம்தான். ஆனால் அந்த வலி முழுக்க முழுக்க டாக்டர் கொடுத்தது அல்ல, பாதி தாமதம் கொடுத்தது. சொத்தை சின்னதாக இருக்கும்போதே போனவர்கள் யாரும் கதை சொல்வதில்லை, ஏனென்றால் சொல்ல அவர்களிடம் கதை இல்லை. அடைத்துவிட்டு வந்து டீ குடித்திருப்பார்கள். அதனால் ஊரில் சுற்றுவதெல்லாம் மோசமான கதைகள் மட்டுமே.

வீங்கிப் போனவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. அவசரமாகப் பிடுங்காமல், முதலில் சீழை வடித்து, தேவைப்பட்டால் மாத்திரை கொடுத்து, வீக்கம் வற்றிய பிறகு வரச் சொல்கிற டாக்டர்கள் உண்டு. "ஏமாத்துறாங்க, ரெண்டு தரம் அலைய விடறாங்க" என்று அதற்கும் திட்டாதீர்கள்.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண்ணு போயிடும்" என்பது இன்னொன்று. எங்கள் ஆயா மட்டுமல்ல, படித்தவர்களும் சொல்கிறார்கள். மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகளில் பார்வைக்கு உள்ளது இரண்டாவது நரம்பு. பல்லுக்குப் போவது ஐந்தாவது நரம்பின் கிளைகள். கண்ணும் பல்லும் பக்கத்து வீடாக இருக்கலாம், கரண்டு லைன் வேறு வேறு. எலக்ட்ரிக்கல் நண்பர்கள் வீட்டில் போய் இப்படியே சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள்.

எனக்குப் பயம் கொஞ்சம் தணிந்தது வேறு வழியில். அந்த மிஷினைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மெக்கானிக்கல் பையனுக்கு வேறென்ன தெரியும்! 1871-ல் அமெரிக்காவில் மாரிசன் என்பவர் பேடன்ட் வாங்கிய மிஷின், தையல் மிஷின் மாதிரிக் காலால் மிதித்துச் சுற்றுவது. டாக்டர் மிதிக்க மிதிக்கப் பல் அதிரும். மெதுவாகச் சுற்றும் எந்த டிரில்லும் அப்படித்தானே, வொர்க்‌ஷாப்பில் பார்த்திருக்கிறோம். 1949-ல் நியூசிலாந்தில் வால்ஷ் என்ற பல் மருத்துவப் பேராசிரியர் காற்றின் அழுத்தத்தால் சுற்றும் டர்பைனை உருவாக்கினார். 1957-ல் அமெரிக்காவில் பார்டன் என்பவரின் ஏரோட்டர் கடைக்கு வந்தது. இன்று டாக்டர் கையில் இருப்பது அதன் பேரன். அது சுற்றும் வேகம் நிமிஷத்துக்கு மூன்று, நாலு லட்சம் சுற்று! நம் வொர்க்‌ஷாப் லேத் ஆயிரத்தைத் தொட்டாலே இன்ஸ்ட்ரக்டர் ஸார் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். அந்த "கீ...ச்" சத்தம் பல் அறுபடும் சத்தம் அல்ல, அது காற்று டர்பைன் போடும் விசில். நுனியில் இருக்கும் பர் டங்ஸ்டன் கார்பைடிலோ வைரத்தூளிலோ செய்தது. நம்ம டூல் நுனியில் ஒட்டியிருக்கும் அதே கார்பைடுதான். வாய்க்குள் பீய்ச்சும் தண்ணீர் எதற்கு? கூலன்ட்! சூடு ஏறினால் பல்லின் உயிர் போய்விடும், அதற்காக. தண்ணீர் தொண்டைக்குள் போய் மூச்சு முட்டிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்காக, உறிஞ்சி எடுக்கும் குழாயையும் கூடவே வாயில் வைக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. உலகத்துக்கு மயக்க மருந்தைக் கொடுத்ததே பல் டாக்டர்கள்தான். ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் 1844-ல் சிரிப்பு வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லையே இன்னொருவரை விட்டுப் பிடுங்கச் சொன்னார். 1846-ல் ஈதரை வைத்து ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டிய மார்ட்டனும் பல் டாக்டரே. இன்று நமக்கு ஈறில் போடும் லிக்னோகெயின், ஸ்வீடன் நாட்டில் 1943-ல் உருவானது. நம்மை வலிக்க வைப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று நாம் நினைக்கிற ஜாதி, நூற்றெண்பது வருஷமாக வலியைக் கொல்லத்தான் அலைந்திருக்கிறது. ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். மருந்து அந்த இடத்திலேயே தங்குவதற்காக அதோடு அட்ரினலின் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள், அதன் வேலையாகவும் இருக்கலாம். சில நிமிஷத்தில் அடங்கிவிடும். ஹார்ட்டில் கோளாறோ வேறு வியாதியோ இருப்பவர்கள் உட்காரும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ராத்திரி ராத்திரியாக வலித்தது. சீனியர் அண்ணன் ஒருத்தர் துணைக்கு வந்தார். அந்த லேடி டாக்டர் என் வாயைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்ப்பா? சின்ன வயசில போர் தண்ணியா?" அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு மேடம்" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கருவியையும் கையில் கொடுத்துக் காட்டினார், என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னார், பிறகு செய்தார். "இடது கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்" என்றார். நான் மூன்று தரம் தூக்கினேன், மூன்று தரமும் நிறுத்தினார். மூன்றாவது தரம் வலித்ததனால் அல்ல, நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்காக!

பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. வேர் சிகிச்சைக்கு இரண்டாவது தரம் போன அன்று பஸ் ஸ்டாண்டையே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். மறுபடி அந்த 25 மார்க் கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்ததில் 17. பயத்தோடு குடியிருக்கலாம், அது நம்மைக் குடிவைத்தவனாக ஆகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

காசு விஷயத்தையும் பேசியாக வேண்டும், அது இல்லாமல் நம்ம வீடுகளில் எந்தப் பயமும் முழுசாகாது. எனக்கு ஆன செலவு எங்கப்பாவின் ஐந்தாறு நாள் கூலி. நாற்காலியில் படுத்துக்கொண்டு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு "எவ்வளவு ஆகும்?" என்று கேட்க முடியாது. அதனால் வாசலிலேயே கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும். கறைக்கும் வைத்தியம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேசான கறையை மேலாகத் தேய்த்து எடுக்கிறார்கள், ஆழமானதைப் பல் நிறப் பூச்சால் மூடுகிறார்கள். ஆனால் அதெல்லாம் டாக்டர் செய்ய வேண்டியது. யாரோ சொன்னார்கள் என்று ஆசிட் தொட்டுத் தேய்த்துவிடாதீர்கள், இருக்கிற எனாமலும் போய்விடும்.

கடைசியாக நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. நம் கல்லூரியில் மருத்துவ முகாம் நடக்கும்போது இரத்த வகை பார்க்கிறார்கள், கண் பார்க்கிறார்கள், கடைசியில் ஆடிட்டோரியம் நடுவில் ஒரு நாற்காலி போட்டுப் பல்லும் பார்க்கிறார்கள். சுற்றிலும் மொத்தக் கல்லூரியும் நிற்கிறது. போன முகாமில் நம் டிபார்ட்மென்டில் பாதிப் பேர் அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பெண்கள் பக்கம் கேட்கவே வேண்டாம். அடுத்த முகாமில் பல்லுக்கு மட்டும் தனி அறை வேண்டும். டிராயிங் ஹாலுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டோர் ரூம் போதும். ஒரு நேரத்தில் ஒருவர். கதவில் ஒரு திரை. வரும் டாக்டரிடம் முன்கூட்டியே, "இது ஃப்ளோரைடு ஊர், பல் விளக்குவியா என்று கேட்காதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.

"இதுக்கெல்லாம் தனி ரூமா? நேரம் எங்கே இருக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு முப்பது பேர். ஒரு டிபார்ட்மென்டின் ஒரு வருஷத்தை ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். கல்ச்சுரல்ஸ் ரிகர்சலுக்கு நாம் விடும் பீரியடில் பாதிகூட ஆகாது.

விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை நாற்பத்தியிரண்டு கையெழுத்து சேர்ந்திருக்கிறது. மெக்கானிக்கல் பிளாக் மாடியில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கும். பேர் எழுதக் கூச்சப்படுகிறவர்கள் ரோல் நம்பர் மட்டும் போட்டாலும் செல்லும் என்று பேரவைச் செயலாளர் சொல்லியிருக்கிறார்.